பினாங்கில் நீங்கள் தொடாத நண்டு

அன்புள்ள அண்ணைக்கு,

உங்களை இப்படி அழைத்து நான்கு வருடமாகிறது. கடைசியாக எழுதிய கடிதத்தில் நாலு வரி இருந்தது, "அன்புள்ள" இருக்கவில்லை. நீங்கள் வாசிக்கமாட்டீர்கள் என்று உறுதியான பிறகு எழுதுகிறேன். இதில் என்ன நியாயம் என்று கேட்பீர்கள். நியாயம் ஒன்றுமில்லை.

நாளை சனிக்கிழமை உங்களுடைய முப்பத்தோராம் நாள். சண்டையால் கீரிமலைத் தீர்த்தப் பக்கம் ஒருவரும் போக முடியாதாம். அந்தியேட்டிக்கு உங்கள் மகன் எந்தக் கடலுக்குப் போவான் என்று தெரியவில்லை. கொழும்பிலிருந்து எனக்குச் செய்தி வந்தபோதே பத்து நாள் கழிந்துவிட்டது. மிச்ச நாட்களில் நான் மச்சம் தொடவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. இங்கே டென்மார்க்கில், இக்காஸ்டில் பெப்ரவரி மாதத்து மரக்கறி என்றால் கரட், கோவா, உருளைக்கிழங்கு. அதை மூன்று கிழமை சாப்பிடுவது பக்தியில் சேராது.

நெசவு ஆலையில் எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் கிர்ஸ்டன் என்ற டெனிஷ் மனுசி வேலை செய்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரம் என்னுடைய கறுப்புப் பாணையும் வெள்ளரிக்காயையும் பல நாள் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"உனக்கு வயிற்றில் ஏதும் வருத்தமா?"

"இல்லை. அண்ணன் இறந்துவிட்டார். முப்பத்தொரு நாளைக்கு இறைச்சி, மீன் இல்லை."

"நல்ல அண்ணனா?"

இந்த ஊர்ச் சனம் இப்படித்தான், நேரே கேட்கும். "சாப்பாட்டில் நல்லவர்" என்றேன். அவள் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

உங்களுக்கு ஒரு புதினம் சொல்லவேண்டும். இந்த நாட்டுப் பிரதமர் பதவியை விட்டுவிட்டார். எங்களால்தான். எங்களால் என்றால், குடும்பத்தை இங்கே கூப்பிடத் தமிழர் போட்ட விண்ணப்பங்களால். முன்பு நீதி அமைச்சராக இருந்தவர் அவற்றை எடுக்காமல் அப்படியே வைக்கச் சொன்னாராம். ஒரு நீதிபதி வருடக்கணக்காக விசாரித்துப் பல ஆயிரம் பக்கத்தில் அறிக்கை எழுதியிருக்கிறார். பிரதமரும் அதை மறைத்தார் என்று அதில் இருக்கிறதாம். தொலைக்காட்சியைப் போட்டால் அதே கதை. "தமிழர் வழக்கு" என்று பெயர். வழக்கில் தமிழர் எவரையும் காணவில்லை. எல்லாம் டெனிஷ்காரர் டெனிஷ்காரரைக் கேட்கும் கேள்விகள்.

அந்தக் குவியலில் அம்மாவுடைய விண்ணப்பமும் இருந்தது. எனக்கு மூன்று நாலு மாதத்துக்கு ஒருதரம் ஒரே கடிதம் வரும்: உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. நானும் நம்பினேன். படித்தவன் அல்லவா, முத்திரை குத்திய கடிதத்தை நம்புவேன். கிர்ஸ்டன் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டிக் கேட்டாள், "இல்லை என்று ஒருவரும் உனக்குச் சொல்லவில்லையா?" சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்திருப்போம். இல்லை என்ற சொல்லைச் சொல்லாமல் விடுவதிலேயே ஒரு மனிதனை எத்தனை வருடம் இருத்தி வைக்கலாம் என்று நான் இந்த நாட்டில்தான் கற்றேன்.

அதைக் கற்ற பிறகுதான், நீங்களும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்த அந்த ஆறு நாளை நான் பிழையாகக் கணக்குப் போட்டேனோ என்ற கேள்வி வந்தது.

எங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிக்கப் போகிறார்கள். இங்கே வெளிவரும் சிறு சஞ்சிகை ஒன்றுக்குக் கொடுக்கிறேன். ஆகவே நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கையில் இருந்த அகதிப் பயணப் பத்திரத்தில் இலங்கையைத் தவிர மற்ற நாடெல்லாம் போகலாம் என்று இருந்தது. அம்மாவை இங்கே விடமாட்டார்கள், நான் அங்கே வர முடியாது. மூன்றாவதாக ஒரு நாட்டில் சந்திப்போம் என்று எழுதியது நான். பினாங்கு என்று சொன்னது நீங்கள். அம்மாவுடைய தகப்பன் மலாயாவில் ரயில்வேயில் வேலை பார்த்தவர், அம்மா பிறந்த இடத்தை ஒருக்கால் பார்க்கட்டும் என்றீர்கள். அம்மாவை நீங்கள் கூட்டிவருவது, ஆறு நாள் தங்குவது, பிறகு அவரவர் பாட்டில் போவது. அதுதான் ஏற்பாடு.

விமான நிலையத்தில் நீங்கள் தனியே வந்தீர்கள். தலையில் ஒரு தொப்பி. மீசை இல்லை. பதினெட்டு வயது முதல் உங்கள் முகத்தில் இருந்த மீசை. சங்கக்கடை மனேச்சர் என்ற பதவியைவிட அந்த மீசைக்குத்தான் ஊரில் மரியாதை அதிகம்.

"அம்மா எங்கை?"

"காலில நோ. இவ்வளவு தூரம் ஏலாதெண்டு நிண்டிட்டா."

"மீசை எங்கை?"

"வெக்கைக்கு எடுத்தனான். நீ என்ன, கொடியில காயப்போட்ட சேட்டு மாதிரி நிக்கிறாய்? வா, முதல் எங்கையாவது சாப்பிடுவம்."

எனக்குக் கோபம். இரண்டு வருடம் காசு சேர்த்து வந்தது அம்மாவைப் பார்க்க, வந்தது நீங்கள். அந்தக் கோபத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. அப்படித்தான் இவ்வளவு காலமும் எல்லாரிடமும் சொல்லி வந்தேன்.

பினாங்கில் சாப்பாட்டுக் கடை இல்லாத இடம் சுடலை மட்டும்தான் என்று நீங்கள் சொன்னீர்கள். பிறகு அந்தச் சொல்லை ஏன் சொன்னோம் என்பதுபோல வாயை மூடிக்கொண்டீர்கள். எனக்கு நல்ல ஞாபகம். உண்மையில் அந்த ஊரில் சாப்பாடு வீட்டுக்குள் இருக்கவில்லை, தெருவில் இருந்தது. காலையில் ரொட்டி சானாய் போடும் தமிழ் முஸ்லிம் கடை. மாவை வீசி வீசி வேட்டி அகலத்துக்கு விரித்து, மடித்துச் சுட்டு, பருப்போடு தருவான். தேநீரை ஒரு முழ உயரத்திலிருந்து இழுத்து ஆற்றுவான். மத்தியானம் நாசி கண்டார். சோற்றின்மேல் மீன் முட்டைக் கறி, கோழி, கணவாய், பிறகு நாலு வகைக் குழம்பை ஒன்றின்மேல் ஒன்றாக ஊற்றி, இது எந்தக் கறி என்று தெரியாத ஒரு வெள்ளம். பின்னேரம் மழை விட்டதும் சீனருடைய தள்ளுவண்டிகள். கரி அடுப்பில் தட்டையான அரிசி நூடில்ஸை இறாலும் மட்டியும் போட்டுக் கிளறினால் புகை ஒரு தெருவைத் தாண்டிப் போகும். புளி விட்ட மீன் சாற்றில் நூடில்ஸ் போட்ட லக்சா. பச்சைப் புழு மாதிரி மாவும் கருப்பட்டிப் பாணியும் தேங்காய்ப்பாலும் போட்ட செண்டோல்.

நான் தின்றேன் அண்ணை. அதற்கு வேறு சொல் இல்லை. மூன்று வருடம் குளிர்ப் பாணும் பன்றி ஈரல் பூச்சும் தின்ற வாய். நீங்கள் என்னைக் கடை கடையாகக் கூட்டிப் போனீர்கள். எது எங்கே நன்றாக இருக்கும் என்று டாக்சிக்காரனிடம், விடுதி வாசலில் நிற்பவனிடம், தபால்காரனிடம் எல்லாம் விசாரித்தீர்கள். விசாரித்துவிட்டு எனக்கு வாங்கித் தந்துவிட்டு நீங்கள் தோசை சாப்பிட்டீர்கள்.

நாசி கண்டார்க் கடைக்காரன்கூடக் கேட்டான், "என்னாண்ணே, வெறும் சோறும் வெண்டிக்காயுமா? குழம்பு ஊத்தவா?"

"வேண்டாம் தம்பி. இவனுக்கு ஊத்தும். என்ரையையும் சேத்து ஊத்தும்."

"என்ன அண்ணை, ஐயராயிட்டியளோ?" என்று நான் கேட்டேன்.

"வயித்தில புண். டொக்டர் மச்சம் வேண்டாமெண்டவர்."

"உங்களுக்கு வயித்தில புண்ணெண்டால் ஊரிலை நண்டுக்கெல்லாம் நல்ல காலம்."

நீங்கள் சிரித்தீர்கள். நண்டு என்றால் நீங்கள் எப்படி என்று ஊருக்கே தெரியும். கலியாண வீட்டில் பெண்ணைப் பார்க்காமல் நண்டுச் சட்டியைப் பார்த்த மாப்பிள்ளை என்று உங்களைக் கட்டிய மச்சாளே சொல்லுவா.

மூன்றாம் நாள் கடற்கரைப் பக்கம் ஒரு சீனக் கடையில் எனக்கு நண்டு வாங்கித் தந்தீர்கள். மிளகாயும் முட்டையும் போட்ட செந்நிறச் சாறு, ஓடு உடைக்க ஒரு சின்னச் சுத்தியல். உங்களுக்குத் தேங்காய்த் தண்ணீர். நான் உடைக்கத் தெரியாமல் உடைத்ததைப் பார்த்துப் பொறுக்காமல் சுத்தியலை வாங்கி, ஒவ்வொரு காலாக உடைத்து, சதையை வெளியே எடுத்து, என் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் அடுக்கினீர்கள். முடிந்ததும் விரலைச் சூப்பப் போனீர்கள். வாய்வரை போன விரல் நின்றது. எழுந்து போய்ச் சவர்க்காரம் போட்டு நெடுநேரம் கை கழுவினீர்கள்.

இரண்டாம் நாள் காலை நான் கோயிலுக்குப் போவோம் என்றபோதும், "நீ போட்டு வா, செருப்புக் களவு போகும், நான் பாக்கிறன்" என்றீர்கள். உங்கள் செருப்பு அறுந்த இரப்பர்ச் செருப்பு.

ஆறாம் நாள் காலை, விமானத்துக்கு முன், ஒரு கோப்பிக் கடை. நான் இரண்டு ரொட்டியும் ஆட்டுக்கறியும் முடித்துக் கையைத் துடைத்தேன். இன்னும் ஒன்று வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். வயிறு நிறைந்ததா என்று கேட்டீர்கள். ஓம் என்றேன். அப்போது தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தீர்கள்.

"தம்பி, அம்மா போட்டா. இண்டைக்குப் பதினெட்டாம் நாள். நான்தான் கொள்ளி வைச்சனான். எட்டாம் நாள் காரியம் முடிச்சிட்டு அடுத்தநாள் வெளிக்கிட்டனான். தந்தி அடிச்சால் நீ வராமல் விட்டிடுவாய். நான் வந்த கையோட சொன்னால் நீ ஒண்டும் வாயில வைக்கமாட்டாய். கடைசி நாளும் அம்மா சொன்னவ, அவன் அங்கை பச்சைத்தண்ணியில பாண் தோய்ச்சுத் திண்டுகொண்டிருக்கிறான், கண்டவுடன வயிறு நிறையக் குடு எண்டு."

நான் எழுந்து போனேன். தந்தைக்குத் தலைமகன், தாய்க்குக் கடைமகன் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். அம்மாவுக்கு நான்தான் கடைசி. அந்த உரிமையைத் தூரம் எடுத்துக்கொண்டது. அதை உங்களில் பழி சொல்ல முடியாது. ஆனால் சாவுத் துடக்கோடு என்னைக் கோயிலுக்குள் அனுப்பியதும், தாய் செத்துப் பதினைந்தாம் நாள் மகனுக்கு நண்டு உடைத்துக் கொடுத்ததும்? "நீங்கள் என்ன மனிசன்?" என்று கேட்டுவிட்டு விமான நிலையத்தில் வேறு வரிசையில் போய் நின்றேன். நீங்கள் கை காட்டினீர்கள். நான் காட்டவில்லை.

அதன் பிறகு நீங்கள் ஏழு கடிதம் எழுதினீர்கள். நான் அந்த நாலு வரி. இங்கே இக்காஸ்டில் எல்லாரிடமும் சொன்னேன்: என்னுடைய அண்ணன் என்னை ஏமாற்றித் தாய் செத்த துடக்கில் மச்சம் தின்னவைத்தவர். சிலர் உச்சுக் கொட்டினார்கள். சிலர் முதுகுக்குப் பின்னால் எனக்கு "பினாங்கு நண்டு" என்று பட்டம் வைத்தார்கள். அதையும் உங்கள் கணக்கிலேயே எழுதினேன். உங்கள் ஏழாவது கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி: "தம்பி, நீ இன்னும் கோவமோ?" பதில் போடவில்லை. இன்னும் எட்டாவது வரும், அதற்குப் போடலாம் என்று இருந்தேனோ? அப்படியும் இருக்கலாம்.

இனி எழுதப்போவதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

நாலாம் நாள் காலை, விடுதிக்கு எதிர்ப்புறம், ஒரு தமிழ்ப் பெண் சைக்கிளில் பெட்டி கட்டி இடியப்பம் விற்றாள். தேங்காய்ப்பூவும் மண்ணிறச் சீனியும் போட்டுத் தாளில் சுற்றித் தருவாள். அது மரக்கறி என்பதால் நீங்களும் சந்தோசமாக வாங்கினீர்கள். காற்று அடித்துத் தொப்பி விழுந்தது. நீங்கள் குனிந்து எடுக்கும்போது அவள் உங்கள் தலையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். குரலைத் தணித்துக் கேட்டாள்:

"யாருக்கு அண்ணே காரியம்? அம்மாவுக்கா, அப்பாவுக்கா?"

நீங்கள் சொன்னீர்கள், "இல்லைப் பிள்ளை, கதிர்காமத்துக்கு நேத்தி."

"நேத்திக்கடன்னா மீசைய விட்டுடுவாங்களே."

"எங்கட ஊரில அதையும் எடுக்கிறது."

நான் உங்களுக்குப் பக்கத்தில், ஒரு முழ தூரத்தில், கையில் இடியப்பத்தோடு நின்றேன். எங்கள் ஊரில் அப்படியொரு வழக்கம் இல்லை. பினாங்குத் தெருவில் அது பொய் என்று தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். என்னை வைத்துக்கொண்டே சொன்னீர்கள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நான் இடியப்பத்தைப் பார்த்தேன்.

பன்னிரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தவன் நான். உங்கள் தலையிலும், தாடையிலும், மேல் உதட்டிலும் மயிர் ஒரே அளவுக்கு வளர்ந்திருந்தது. மூன்றையும் ஒரே நாளில் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மச்சம் தொடாத அண்ணன், கோயிலுக்குள் வராத அண்ணன், அம்மா இல்லாமல் வந்த அண்ணன். இதைவிட இலகுவான கணக்கை நான் ஆறாம் வகுப்புக்கும் கொடுத்ததில்லை. ஒரு பார்வையில் இடியப்பக்காரி செய்து முடித்துவிட்டாள்.

அன்று நான் உங்களிடம் கேட்டது என்ன தெரியுமா? "மத்தியானத்துக்கு எங்கை சாப்பிடுவம்?"

அம்மாவைப் பார்க்க வந்தவன் நான். விமான நிலையத்தில் அம்மா எங்கே என்று ஒருதரம் கேட்டேன். பிறகு ஆறு நாளும் அம்மாவைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கால் நோ எப்படி என்றுகூடக் கேட்கவில்லை. நீங்கள் சொல்லாமல் இருந்தது உண்மை. நான் கேட்காமல் இருந்ததும் உண்மை. கேட்டால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லிவிட்டால் அம்மா செத்துவிடுவா. இரண்டு பேரும் சேர்ந்து அவவை இன்னும் மூன்று நாள் வைத்திருந்தோம், லக்சாவும் செண்டோலும் தின்று. பிறகு இக்காஸ்டுக்குத் திரும்பி, குற்றம் முழுவதையும் உங்கள்மேல் போட்டேன்.

விண்ணப்பத்தை வைத்திருந்த அலுவலகம் எனக்குச் சொல்லாமல் வைத்தது நான் களைத்துப்போய் விடவேண்டும் என்று. நீங்கள் சொல்லாமல் வைத்தது நான் சாப்பிடவேண்டும் என்று. இரண்டையும் ஒன்று என்று நினைத்தேன். பத்திரிகையில் ஒவ்வொருவராக, எனக்குத் தெரியாது, எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று சொல்வதை வாசிக்கும்போது எனக்கு அந்த வசனம் நன்றாகப் பழக்கமானதாக இருந்தது. நான்கு வருடமாக நான் சொல்லிவந்த வசனம்தான்.

உங்களை முழுதாக மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். கோயிலுக்குள் என்னைப் போகவிட்டது இன்னும் உறுத்துகிறது. செருப்பைச் சாட்டி நீங்கள் மட்டும் வெளியே நிற்காமல், கோயிலே வேண்டாம் என்று ஒரு சாட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் நண்டை உங்கள்மேலிருந்து எடுத்துவிட்டேன். அது என்னுடையது.

நாளை இங்கே ஐயர் இல்லை. கோப்பையில் தண்ணீர் வைத்து, தெரிந்த தேவாரம் இரண்டு படித்து, மரக்கறியோடு முடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை மச்சப் படையல். பக்கத்து ஊரான ஹெர்னிங்கில் உள்ள மீன் கடையில் முழு நண்டு சொல்லி வைத்திருக்கிறேன். இவர்கள் கால்களை மட்டும்தான் வாங்குவார்களாம். முழு நண்டு ஆறு கேட்டதும் கடைக்காரன் இரண்டுதரம் எழுதிச் சரிபார்த்தான். கறிக்குப் போட முருங்கை இலை கிடையாது. மிளகும் உள்ளியும் இருக்கிறது. வாழையிலைக்குப் பதிலாக வெள்ளைக் கோப்பை. உங்களுக்கு வைக்கும் பங்கை நானே உடைத்துச் சதையை எடுத்து ஓரத்தில் அடுக்கி வைப்பேன். இன்னும் எனக்கு ஒழுங்காக உடைக்கத் தெரியாது.

இங்கே நான் உங்களைப் பற்றிக் கதை சொன்ன ஆட்களை எல்லாம் கூப்பிட்டிருக்கிறேன், பட்டம் வைத்தவர்கள் உட்பட. இந்தக் கடிதம் அச்சில் வருமுன் அவர்கள் என் வாயால் கேட்கவேண்டும். இடியப்பக்காரி கேட்டதையும், நீங்கள் சொன்ன பதிலையும், நான் சொல்லாமல் விட்டதையும் சொல்லுவேன். நீங்கள் நான் சாப்பிட்டு முடியும்வரை காத்திருந்து சொன்னீர்கள். நான் ஒருவரும் வாயில் வைக்குமுன் சொல்லுவேன். அதன் பிறகு பசியிருப்பவர்கள் சாப்பிடட்டும்.

இப்படிக்கு,
அம்மாவுக்குக் கடைசியும்
உங்களுக்கு ஒரேயொரு தம்பியுமானவன்,
இக்காஸ்டிலிருந்து.